தகர டப்பா என்று நான் எழுதிய குரல்

எனக்கு அதிகம் எழுத வராது. எட்டாம் வகுப்போடு நின்றவன். பால் சங்கத்தில் பால் சோதிக்கிற வேலை. இதையும் சுருக்கமாகத்தான் எழுதுவேன்.

எங்கள் சங்கம் கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில், கேரள எல்லைச் சோதனைச் சாவடியிலிருந்து கொஞ்சம் உள்ளே. விடியும்போது வாசலில் பால் கேன்கள் வரிசையாக நிற்கும். ஆட்கள் நிற்க மாட்டார்கள். கேனை வைத்துவிட்டு டீக்குப் போவார்கள். சிலர் மாந்தோப்புக்கே போய்விடுவார்கள். கேன் நின்றால் ஆள் நின்ற மாதிரி. முறை வரும்போது ஆள் இல்லையென்றால், பின்னால் நிற்பவர் அந்தப் பாலையும் ஊற்றுவார். சீட்டை வாங்கி மூடிக்குள் சொருகிக் காலிக் கேனைச் சுவரோரம் வைப்பார். யாரும் யாரையும் கேட்பதில்லை. மூடியைப் பார்த்தாலே யார் கேன் என்று தெரியும். ஆள் இல்லை என்று ஒரு கேனை யாரும் வரிசையை விட்டுத் தள்ளி நான் பார்த்ததில்லை.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. பின்னால் வரும்.

சங்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. தராசும் கொழுப்புப் பார்க்கிற மெஷினும் ஒயர் வழியாக அதில் சேரும். எடையையும் கொழுப்பையும் அதுவே எடுத்துச் சீட்டு அடிக்கும். அதில் ஓடுவது விலைக்கு வாங்கிய சிஸ்டம் இல்லை. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று வெளியில் விட்டது. கொல்லங்கோட்டுக் கல்லூரி ஆள் ஒருவர் போட்டுக் கொடுத்துவிட்டு வெளிநாடு போய்விட்டார். அதன்பிறகு அது என் தலையில்.

ஒருநாள் சிஸ்டத்தைப் புதுப்பித்தேன். தராசின் ஒயரைப் படிக்கிற சின்ன நிரல் நின்றுபோனது. சீட்டு வரவில்லை. சங்கத்தில் ஒரே கூச்சல். அந்த சிஸ்டத்துக்குத் தமிழில் பேசிக்கொள்ள ஒரு மடல் குழு இருந்தது. அதில் எழுதிக் கேட்டேன். ஒருவர் வரி வரியாகச் சொன்னார். சொன்னதை அப்படியே அடித்தேன். ஓடியது. பிறகு அவர், இந்த நிரலை எழுதினவரைக் காணோம், இதற்கு இப்போது ஆளில்லை, உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டார். போடுங்கள் என்றேன். அப்படித்தான் உள்ளே வந்தேன்.

இந்த உலகத்தில் வழக்கம் இதுதான். ஒரு நிரலைப் போட்டுக்கொள்ளத் தோதாகக் கட்டி வைத்திருப்பதைப் பேக்கேஜ் என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாக ஒரு ஆள் பெயர் இருக்கும். அந்த ஆளுக்குக் கல்யாணம் ஆகும், வேலை மாறும், சலித்துப் போகும், செத்தும் போவார். பேக்கேஜ் மட்டும் நிற்கும். சிஸ்டத்தின் புதுப் பதிப்பு வரும்போது அதெல்லாம் உடைய ஆரம்பிக்கும். எல்லாவற்றையும் சுமக்க முடியாது. அதனால் ஒவ்வொரு பதிப்புக்கும் முன்னால் ஆளில்லாதவற்றை எடுத்துப் பார்த்து, எது இருக்கட்டும், எது போகட்டும் என்று தீர்மானிப்பார்கள்.

போன முறை தமிழ் சம்பந்தப்பட்டவை எங்கள் குழுவுக்கு வந்தன. குழுவில் எல்லாரும் வேலையில் இருப்பவர்கள். சென்னை, பெங்களூர், வெளிநாடு. மடலுக்கு உடனே பதில் போடுகிறவன் நான் ஒருவன்தான். காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவில் எனக்கு வேறு என்ன வேலை? அதனால் என்னிடம் வந்தது. ‘சார் பார்த்துச் சொல்லட்டும்’ என்று எழுதினார்கள். என்னைச் சார் என்றார்கள். நான் என்ன படித்தவன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தச் சார் எனக்குப் பிடித்திருந்தது.

பார்க்க வேண்டியது என்ன என்று சொல்லித் தந்தார்கள். புதுப் பதிப்பில் பேக்கேஜாகக் கட்ட வருகிறதா. திருடன் நுழைகிற ஓட்டை இருக்கிறதா. வேறு நிரல் எதுவும் இதை நம்பி நிற்கிறதா. இதன் வேலையைச் செய்ய வேறொன்று உண்டா. கடைசியாக, யாராவது பயன்படுத்துகிறார்களா. அதற்கு ஒரு கணக்கு உண்டு. கம்ப்யூட்டர்களே தங்களில் என்னென்ன ஓடுகிறது என்று நெட் வழியாக மேலே சொல்லும்.

பால் சோதிக்கிற மாதிரி வேலை என்று நினைத்தேன். ஒரு கரண்டி எடு, பார், சொல், அடுத்தது. பஞ்சாங்கம் காட்டுகிற நிரல் ஒன்று. ராகுகாலத்தைத் தப்பாகக் காட்டியது. எடு என்றேன். பழைய தமிழ் எழுத்துருவைப் புது எழுத்துக்கு மாற்றுகிற நிரல் ஒன்று. அதைவிட நல்லது வந்துவிட்டது. எடு. படங்களைத் திறந்து காட்டுகிற ஒன்றில் பெரிய ஓட்டை. அதை எடுத்தது சரி என்று இன்றும் சொல்வேன். ஒன்றுக்கு மூன்று வரி எழுதுவேன். கேலியாக ஒரு சொல் சேர்த்தால் குழுவில் சிரிப்பார்கள். சிரிக்கச் சிரிக்கக் கேலி கூடியது.

அப்படி வந்ததுதான் அந்தக் குரல். எழுத்தைக் கொடுத்தால் தமிழில் வாய்விட்டுப் படிக்கிற நிரல். மிகப் பழையது. போட்டுக் கேட்டேன். மனுசக் குரல் இல்லை. சங்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அன்றே எழுதினேன். இன்னும் வரி மறக்கவில்லை.

‘இந்தக் குரலைக் கேட்டேன். இது பேச்சு இல்லை. தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு ஆட்டுவது போல் இருக்கிறது. எங்கள் மாடு இதைவிடத் தெளிவாகப் பேசும். புதுப் பதிப்பில் கட்டவும் வரவில்லை. கணக்கில் ஒருவரும் இல்லை. எடுத்துவிடலாம்.’

கீழே எப்போதும் போல ஊர்ப் பெயரும் சங்கமும் போட்டேன். நிறைய சிரிப்பு முகங்கள் வந்தன. மாடு என்ன சொன்னது என்று ஒருவர் கேட்டார். நன்றாக இருந்தது எனக்கு.

சில நாள் கழித்து ஒரு மடல் வந்தது. குழுவுக்குப் புதிய ஆள். குமுளியிலிருந்து ஒரு பெண். சுருக்கமாக எழுதியிருந்தார்.

‘நான் இந்தக் குரலைப் பயன்படுத்துகிறேன். எனக்குக் கண் தெரியாது. எங்கள் ஏலக்காய்க் கடையில் தராசு என் பொறுப்பு. தராசு சொல்கிற எடையை இந்தக் குரல்தான் எனக்குச் சொல்கிறது. இது எப்போது நிற்கும் என்று தெரிந்தால் அண்ணனிடம் சொல்லித் தராசுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்ல வேண்டும்.’

திட்டவில்லை. கெஞ்சவுமில்லை. எப்போது என்று மட்டும் கேட்டிருந்தார்.

குழுவில் எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள் போல. நான் எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. அடித்தேன், அழித்தேன். கணக்கில் ஒருவரும் இல்லையே என்று எழுதப் போனேன். அப்போதுதான் உறைத்தது. எங்கள் சங்கத்துக் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வதும், பக்கத்துச் சங்கங்களில் போட்டுக் கொடுத்ததும் நான். நெட் இழுக்கிறதே என்று, மேலே கணக்குச் சொல்கிற அந்த வேலையை எல்லாவற்றிலும் நிறுத்தி வைத்ததும் நான். என் தராசு நிரலே அந்தக் கணக்கில் இல்லை. என்னையே எண்ணாத கணக்கை வைத்து அந்த அம்மாவை இல்லை என்றிருக்கிறேன்.

எழுத வராதவன் நேரில் போகலாம். போவதென்று முடிவு செய்தேன். செக்ரட்டரியிடம் லீவு கேட்டேன்.

“எங்கப்பா போற?”

“குமுளிக்குங்க. ஏலக்காய் வாங்கோணும்.”

“ஏனப்பா, பொள்ளாச்சில இல்லாத ஏலக்காயா? பஸ்ஸுக்குக் குடுக்கற காசுக்கு ஒரு மூட்டை வாங்கலாம்.”

“அங்க நல்லா இருக்குமுங்க.”

“பாலு இங்க இருக்குது. ஏலக்காய் நீ கொண்டாந்துரு. பாயசம் வெச்சுரலாம்,” என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பொள்ளாச்சி, பழனி, வத்தலக்குண்டு, தேனி, கம்பம். கேரளாவில் ஏறி, தமிழ்நாடு முழுக்கச் சுற்றி, மலையேறி மறுபடி கேரளாவில் இறங்கினேன். போய் என்ன சொல்வது என்று வழி முழுக்க யோசித்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. குமுளியில் தூறல். பஸ் நின்ற இடத்திலேயே ஏலக்காய் வாசம்.

கடை தேடக் கஷ்டமில்லை. கண் தெரியாத அக்கா தராசில் இருக்கிற கடை என்றதும் கை காட்டினார்கள். முன்னால் கல்லாவில் அண்ணன். உள்ளே தள்ளித் தராசு. தராசுக்குப் பின்னால் அந்த அம்மா. ஐம்பது வயது இருக்கும். தலையில் முக்காடு. பக்கத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர், உறுமிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரைச் சாக்குக் கயிற்றால் தூணில் கட்டியிருந்தார்கள். ஏலக்காய் விற்க வந்த மலைக்காட்டுக்காரர்கள் சிலர் பையோடு நின்றார்கள். ஒரு பை தராசில் ஏறியதும் ஸ்பீக்கர் கரகரவென்று ஏதோ கத்தியது. எனக்கு ஒரு எழுத்தும் விளங்கவில்லை. அந்த அம்மா எடையைத் திருப்பிச் சொன்னார். பைக்காரர் தலையாட்டினார்.

“வாங்கண்ணே,” என்றார் கல்லாவில் இருந்தவர். “என்னா வேணும்? ஏலக்கா, மொளகு, கிராம்பு, தேனு, எல்லாம் இருக்கு.”

“ஏலக்காய்ங்க. கால் கிலோ.”

“எட்டு எம்.எம்.மா, ஏழா? பாயசத்துக்குன்னா ஏழு போதும்ணே. பெருசு பாக்கத்தான் அழகு.”

“ஏழே போதுங்க.”

“தங்கச்சி, ஏழுல கால் கிலோ.”

அந்த அம்மா கையால் அள்ளிப் போட்டார். ஸ்பீக்கர் கத்தியது. இரண்டு விரலால் கொஞ்சம் சேர்த்தார். மறுபடி கத்தியது. பையைக் கட்டப் போனார்.

“என்ன சொல்லுச்சுங்க?” என்று கேட்டேன். வாய் சும்மா இருக்கவில்லை.

“எரநூத்தம்பதுன்னு சொன்னுச்சு. கேக்கலையா?”

“வேகமா இருக்குதுங்க.”

“எனக்கு இதுதான் நடை. நீங்க கேக்கணும்னா மெதுவாக்கணும்.” முகம் என் பக்கம் திரும்பியது. “கோயமுத்தூர்ப் பக்கமா? வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போடுறீக.”

“பாலக்காட்டுப் பக்கமுங்க. கோவிந்தாபுரம்.”

பை கட்டுகிற கை நின்றது.

“பால் சங்கமா?”

இல்லை என்றிருக்கலாம். பையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம்.

“ஆமாங்க.”

“எங்க மாடு இதவிடத் தெளிவாப் பேசும்னு எழுதுனது நீங்களா?”

“ஆமாங்க.”

கல்லாவில் இருந்தவர் எழுந்தே விட்டார். “அட, மாட்டுக்காரரா! தங்கச்சி, விட்டுறாத, உக்கார வையி. ஏண்ணே, மாட்டையும் கூட்டியாந்தீகளா? வெளிய கட்டியிருக்கா?”

பையோடு நின்றவர்கள் சிரித்தார்கள். விசயம் தெரியாமலே சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“உக்காருங்க,” என்றார் அந்த அம்மா. “ஒண்ணு கேட்டுட்டுப் போங்க.”

விசைகளைத் தட்டினார். ஸ்பீக்கர் கரகரத்தது. “இருங்க, இவருக்கு மெதுவா வைக்கிறேன்,” என்று இன்னும் எதையோ தட்டினார். அந்தக் குரல் முதலிலிருந்து ஆரம்பித்தது. நான் எழுதிய மடல்.

இது பேச்சு இல்லை என்று அது சொன்னது. தகர டப்பாவுக்குள் கல்லைப் போட்டு ஆட்டுவது போல் இருக்கிறது என்றது. எங்கள் மாடு இதைவிடத் தெளிவாகப் பேசும் என்றது. கோபம் இல்லை, சிரிப்பு இல்லை, ஏற்றம் இறக்கம் இல்லை. எடை சொன்ன அதே குரல். கணக்கில் ஒருவரும் இல்லை. எடுத்துவிடலாம். பிறகு என் ஊர்ப் பெயர். ஒரு எழுத்தையும் விழுங்காமல் சொன்னது.

முதல் வரிக்குச் சிரித்தவர்கள் கடைசி வரிக்குச் சிரிக்கவில்லை.

“தன்னப் பத்தித்தான்னு அதுக்குத் தெரியாதுல்ல,” என்றார் அந்த அம்மா. “எதக் குடுத்தாலும் படிக்கும்.”

தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். தரையில் ஏலக்காய்த் தோல் கிடந்தது. யாரோ கட்டன் சாயா கொண்டுவந்து கையில் வைத்தார்கள். அதைக் குடிக்கவும் முடியவில்லை, கீழே வைக்கவும் முடியவில்லை.

பேச வேண்டுமே என்று, “புதுசா ஒரு குரல் வந்திருக்குதுங்களே, அது நல்லா இருக்குமுங்க,” என்றேன்.

“போட்டுப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. சினிமாவுல பேசுற மாதிரி. வேகம் கூட்டுனா கொழகொழன்னு ஆயிருது. பதினேழா பதினெட்டான்னு தெரியல. ஏலக்கா விக்கிற வெலைக்கு அது தெரிஞ்சாகணும்ல? அப்புறம் அதுக்கு நெட்டு வேணும். இங்க மழ வந்தா மொதல்ல போறது நெட்டு.”

“கரண்டுங்க?”

“ரெண்டாவதா போகும். பேட்டரி இருக்கு. இது அது பாட்டுக்குப் பேசும்.”

“பழைய கம்ப்யூட்டரையே வெச்சுக்கிட்டா...”

அண்ணன் குறுக்கிட்டார். இப்போது கேலி இல்லை. “அது கேக்குதுல்ல, உறுமுறது? ரெண்டு தரம் நின்னு போச்சு. புதுசு வாங்கி உள்ள வச்சிருக்கோம். அதுல இது ஏறாதுங்கிறாங்க. எங்க அத்தா கடை நடத்துனப்பவே தராசு இவகிட்டத்தாண்ணே. கண்ணு போனப்புறம் வீட்டுக்குள்ளயே கெடந்தா. இது வந்துதான் மறுபடி கடைக்கு வந்தா. இது நின்னுச்சுன்னா தராசுக்கு ஆளு போட்டுத்தான் ஆகணும்.”

“ஆளு போட்டுட்டு என்னைய எங்க போடுவ?” என்றார் தங்கை.

“நீ கல்லாவுல உக்காரு.”

“உக்காந்து? ஒவ்வொரு நோட்டையும் தடவிக்கிட்டு நிக்கவா? வார ஆளு காத்து நிக்குமா?”

அண்ணன் கல்லாவை இழுத்து மூடினார்.

“தப்பாப் போச்சுங்க,” என்றேன். வந்ததற்கு அதுவாவது சொல்ல வேண்டும்.

“வேணாம்னா வேணாம்னு ஒரு வரி எழுதலாம்,” என்றார். “கட்ட வரல, ஆளில்ல, சரி. அது தப்பில்ல. மாட்ட எதுக்கு இழுத்தீக?”

சிரிக்க வைக்கத்தான். அதை அங்கே எப்படிச் சொல்வது? அதற்குள் அடுத்த பை தராசில் ஏறியது. குரலைப் பழைய வேகத்துக்கு மாற்றினார். வேலை ஓடியது.

கிளம்பும்போது ஏலக்காய்ப் பையை நீட்டினார். “ஊர்ல போயி நிறுத்துப் பாருங்க. தகர டப்பா சொன்ன எடை. நம்ப முடியாது.”

பைக்காரர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எனக்கு வரவில்லை.

கம்பத்துக்கு இறங்குகிற பஸ்ஸில் வளைவுக்கு வளைவு கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சங்கத்து வாசல் நினைவுக்கு வந்தது. ஆளில்லாத கேனைத் தினமும் பார்க்கிறவன் நான். பின்னால் நிற்பவர் ஊற்றுவதைத் தினமும் பார்க்கிறவன். அங்கே ஒருநாளும் எந்தக் கேனையும் பார்த்து, இதற்கு ஆளில்லை, கொட்டிவிடு என்று சொன்னதில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் அது தோன்றவில்லை. சார் ஆகிவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் குழுவில் எழுதினேன். ‘குரலைப் பற்றி நான் சொன்னது தவறு. கேட்க ஆள் இருக்கிறார். நேரில் பார்த்து வந்தேன். மாட்டைப் பற்றி எழுதியதற்கும் மன்னிப்பு. எடுக்க வேண்டாம். ஆள் வேண்டுமென்றால் என் பெயரைப் போடுங்கள்.’

வெளிநாட்டில் இருக்கிற ஒரு பெண்தான் எங்கள் குழுவில் நன்றாக நிரல் எழுதுகிறவர். அவர் கேட்டார். ‘நல்லது சார். ஆனால் இது பழைய சி மொழி. நிறைய உடைந்திருக்கிறது. நீங்கள் சி எழுதுவீர்களா?’

சரியான கேள்வி. பெயரை மட்டும் போட்டுக்கொண்டு ஒன்றும் செய்யாதவர்களால்தானே ஆளில்லாத பேக்கேஜ் உண்டாகிறது. சுற்றி வளைக்கலாமா என்று பார்த்தேன். வளைக்கத் தெரியவில்லை.

‘தெரியாது. நான் எட்டாவது வரை படித்தவன். சொல்வதை அடிப்பேன். போட்டுக் கேட்டுச் சொல்வேன். அவ்வளவுதான் தெரியும்.’

அனுப்பிவிட்டு மாலைப் பாலுக்குப் போனேன். அன்று ஒவ்வொரு சீட்டையும் இரண்டு தடவை பார்த்தேன். திரும்பி வந்து பார்த்தால் குழுவில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. மறுநாளும் இல்லை. அதன்பிறகு அந்தப் பெண் எழுதினார். ‘உடைந்ததை நான் பார்க்கிறேன். ஒவ்வொரு மாற்றத்தையும் நீங்கள் கட்டிக் கேட்டுச் சொல்ல வேண்டும். பெயர் உங்களுடையது. நடுவில் விட்டுப் போகக் கூடாது.’

சார் என்று போடவில்லை. அண்ணா என்று போட்டிருந்தார். அது மரியாதையா, ஒரு படி இறக்கமா என்று தெரியவில்லை. யோசிப்பதை விட்டேன்.

அவர் அனுப்புவார். நான் கட்டுவேன். முக்கால்வாசி உடையும். உடைந்ததை அப்படியே திருப்பி அனுப்புவேன். கட்ட வந்தபோது குரல் எண்ணைச் சொன்னது, ஆனால் எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் கேட்டது. என் காது இதற்கு ஆகாது. பதிவு செய்து குமுளிக்கு அனுப்பினேன். பதில் உடனே வந்தது. ‘ஒம்போத விழுங்குது.’ நிரல் எழுதுகிற பெண்ணுக்கு எழுதினேன். திருத்தினார். மறுபடி அனுப்பினேன். ‘இப்ப சரி. எண்பத நீட்டுது.’ இப்படியே போனது. குமுளி அம்மா அதற்கு மேல் ஒரு சொல் எழுத மாட்டார். நலமா என்று நானும் கேட்டதில்லை. கேட்க எனக்கு முகம் இல்லை.

குரல் புதுப் பதிப்பில் ஏறியது. புதுக் கம்ப்யூட்டரில் போட்டாகிவிட்டது என்று அண்ணன் சொல்லியனுப்பினார். ‘மாட்டுக்காரருக்குச் சொல்லிறு’ என்றாராம். அதை அந்த அம்மா அப்படியே எழுதியிருந்தார்.

இதோடு முடிந்தது என்று இருக்க முடியவில்லை. நான் எடு என்று சொல்லிப் போனவை இன்னும் இருக்கின்றன. பஞ்சாங்கம் போய்விட்டது. எழுத்துரு மாற்றுகிறது போய்விட்டது. எங்கோ ஒரு அச்சுக் கடையில் பழைய கோப்பைத் திறக்க அதுதான் இருந்ததோ என்னவோ. அவற்றுக்கு மடல் வரவில்லை. வரவில்லை என்பதால் யாரும் இல்லை என்று இப்போது என்னால் சொல்ல முடியவில்லை. மடல் எழுதத் தெரிந்ததால் குமுளி அம்மா தப்பினார். எழுதத் தெரியாதவர் என்ன செய்வார்? அவர் என்னைப் போன்றவர்.

இந்த முறையும் ஆளில்லாதவை வந்தன. பார்க்கிறேன். எடுக்க வேண்டியதை எடு என்றுதான் சொல்கிறேன். ஓட்டை உள்ளதைச் சுமக்க முடியாது. ஆனால் எழுதுவதற்கு முன்னால் கேட்கிறேன், எல்லா இடத்திலும் கேட்கிறேன், கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். வேலை மெதுவாகிவிட்டது என்று குழுவில் சலிக்கிறார்கள். கேலி எழுதுவதில்லை. என் மடலுக்கு இப்போது சிரிப்பு முகம் வருவதில்லை.

குரலைச் சங்கத்திலும் போட்டேன். பெயர் போட்டவன் தினமும் கேட்க வேண்டும். கேட்டால்தான் உடைவது தெரியும். முதல் நாள் எடையையும் கொழுப்பையும் சேர்த்துச் சொல்லும்படி வைத்துவிட்டேன். அதுவும் என் புத்தி. எங்கள் தெருக்கோடியில் இரண்டு மாடு வைத்திருக்கிற ஒரு அக்கா பாலை ஊற்றினார். குரல் ஊருக்கே கேட்கச் சொன்னது, கொழுப்பு மூன்று புள்ளி ஒன்று.

அக்காவுக்கு முகம் மாறியது. “ஏனுங்க தம்பி, என்ற பாலு தண்ணியினு ஊருக்கே மைக்கு வெச்சுச் சொல்லோணுமா?”

“மாட்டக் கேளுங்க அக்கா, தகரத்த ஏன் வையறீங்க?” என்றார் பின்னால் நின்றவர்.

“நேத்து மழைல மாடு நனைஞ்சு போச்சாட்டம் இருக்குது. அதான் தண்ணி,” என்றார் இன்னொருவர்.

எல்லாரும் சிரித்தார்கள். அக்கா சீட்டைக்கூட வாங்காமல் கேனை எடுத்துக்கொண்டு நடந்தார். அந்த முகம் எனக்குத் தெரியும். குமுளியில் நான் வைத்திருந்த முகம் அது. அப்போதே கொழுப்பை நிறுத்தினேன். எடை மட்டும் சொல்லும்படி வைத்தேன். சீட்டை மாலையில் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு மாட்டுப் பக்கம் திரும்பினார்.

செக்ரட்டரிக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. குமுளி ஏலக்காய் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே ஒருநாள் கேட்டார்.

“ஏம்ப்பா, நாட்டுல வேற நல்ல கொரலே இல்லியா?”

“இருக்குதுங்க.”

“அப்பறம் எதுக்கு இந்தத் தகர டப்பாவக் கட்டீட்டு அழுவுறே?”

அந்தச் சொல்லை அவரிடம் நான் சொன்னதே இல்லை. கேட்கிற யாருக்கும் அதுதான் தோன்றும் போலிருக்கிறது. தோன்றுவதில் தப்பில்லை. நான் அதை எழுதிப் போட்டேன்.

“கேக்க ஆளு இருக்குதுங்க,” என்றேன்.

“எங்க?”

“மலை மேலேங்க.”

செக்ரட்டரி என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போனார். அடுத்து நின்ற கேனுக்கு ஆளில்லை. பின்னால் நின்றவர் அதைத் தூக்கி ஊற்றினார். குரல் எடையைச் சொன்னது. யாரோ சிரித்தார்கள். நான் தலையைத் தூக்காமல் சீட்டைக் கிழித்து மூடிக்குள் சொருகினேன்.